எருக்கலை முளைத்த கம்பனி

எங்கள் கம்பனிக்குத் தண்ணீரில் பாசம் வந்தது மூன்று வருடங்களுக்கு முந்திய வசந்தத்தில்தான். அதற்கு முன் முப்பது வருடமாக, பேர்ச்ஃபோல்ட் லினன் என்ற இந்தப் பெரிய சலவைக்கூடம் ரொறன்ரோவின் குழாய்த் தண்ணீரைக் கேட்டுக் கேள்வியில்லாமல் குடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிகளின் கட்டில் விரிப்பு, ஹோட்டல்களின் துவாய், கல்யாண மண்டபங்களின் மேசைத்துணி என்று எல்லாம் லொறி லொறியாக ஸ்காபரோவுக்கு வரும். தோய்த்து, உலர்த்தி, மடித்துத் திருப்பி அனுப்புவோம். தோய்த்த தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. பிறகு ஹோட்டல்காரர்கள் கேட்கத் தொடங்கினார்கள். உங்கள் கம்பனி சுற்றாடலுக்கு என்ன செய்கிறது என்று ஒப்பந்தப் படிவத்தில் ஒரு கேள்வி, பதில் எழுத ஒரு பெட்டி. அந்தப் பெட்டியை நிரப்புவதற்காகத் தலைமை அலுவலகம் ஓர் ஓடைக்கரையைத் தத்தெடுத்தது.

ஓடை வோபர்ன் குடியிருப்புகளுக்குப் பின்னால் ஓடுகிறது. மழை பெய்தால் சுற்றியுள்ள வீதிகளின் தண்ணீர் முழுவதும் அதற்குள் விழுந்து, கரையை அரித்துக்கொண்டு வாவிக்குப் போகும். இந்த மண்ணுக்கே உரிய செடிகளைக் கரையில் நட்டால் வேர் மண்ணைப் பிடிக்கும், தண்ணீர் ஆறுதலாக இறங்கும், தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் திரும்பி வரும். உண்மையிலேயே நல்ல காரியம். நாங்கள் அதைச் செய்த விதந்தான் கொஞ்சம் அப்படி இப்படி. தொண்ணூறு பேர் அறுபது காரில் போய் இறங்கினோம். எல்லோருக்கும் ‘ஒவ்வொரு துளியும் எங்கள் பொறுப்பு’ என்று எழுதிய பச்சை ரீ-ஷேர்ட். குடிப்பதற்குப் பெட்டி பெட்டியாகப் பிளாஸ்ரிக் போத்தல் தண்ணீர். முன்னூறு செடி நட்டு முடிய எல்லோரும் சேற்றில் புரண்டவர்கள் மாதிரி நின்றோம். அந்த ரீ-ஷேர்ட்டுகள் கம்பனிக்கே திரும்பி வந்தன. சேறு போக இரண்டு தரம் தோய்க்க வேண்டியிருந்தது. அன்று ஓடைக்கு நாங்கள் கொடுத்தது கூடவா, குழாயில் எடுத்தது கூடவா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஏனென்றால் அதற்குப் பதில் சொல்லும் உத்தியோகம் இப்போது என்னுடையது.

என் பெயர் நிரோஷினி. நான் இங்கே பதினோரு வருடம் லொறிகளை அனுப்பும் மேசையில் இருந்தவள். பிறம்ரன் பக்கம் போகும் சாரதிமார் நெடுஞ்சாலையில் சிக்கிக்கொண்டால் திட்டுவது என்னை. துவாய் போய்ச் சேராவிட்டால் ஹோட்டல்காரர் திட்டுவதும் என்னை. ஓடை விஷயத்தைப் பார்க்க வைத்திருந்த படித்த பையன் இரண்டு வருடத்தில் இன்னும் பெரிய கம்பனிக்குப் பாய்ந்துவிட்டான். தொழிலாளர்களில் பாதிப் பேர் தமிழர், எனக்கு இரண்டு மொழியும் வரும், அதோடு வாயும் கொஞ்சம் நீளம் என்று அந்தக் கதிரையில் என்னைத் தூக்கி இருத்தினார்கள். பதவியின் பெயர் அடையாள அட்டையில் ஒரு வரிக்குள் அடங்கவில்லை. ஆனால் கதிரை நிரந்தரமில்லை. ஓடைத் திட்டத்துக்கு மூன்று வருட ஒப்பந்தம். மூன்றாவது வருடம் ஓகஸ்ட் முடிவில் பரிசோதனைக்கு ஆள் வரும். நட்ட செடிகளில் பத்துக்கு ஏழு உயிரோடு நின்றால் கம்பனி இன்னொரு மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடும். நிற்காவிட்டால் திட்டம் முடிந்தது, நான் திரும்பிப் போய் லொறிக்காரரிடம் திட்டு வாங்க வேண்டும். எனக்கு நாற்பத்தியொரு வயது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஜன்னல் உள்ள அறையில் இருந்து வேலை செய்கிறேன். அதை விட்டுப் போக எனக்கு மனமில்லை.

இந்த இடத்தில் இரத்தினவேல் அண்ணையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தோய்க்கும் பகுதியில் இருபத்தாறு வருடமாகப் பெரிய மெஷின்களை ஓட்டுகிறவர். ஐம்பத்தொன்பது வயது. இரத்தக்கறையோ கறிக்கறையோ வைன் கறையோ, அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு விரிப்பு வெளியே போனதில்லை. வேலைக்கு வரும்போதும் அயன் பண்ணிய சேர்ட்தான். முன்னால் நிற்பவரின் உடுப்பில் ஒரு நூல் ஒட்டியிருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. பேச்சை நிறுத்தாமலே அதை எடுத்துத் தன் பொக்கற்றுக்குள் போட்டுக்கொள்வார். எங்கள் மனேஜர் பிறையனின் கோட்டிலிருந்தே அவர் நூல் எடுத்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நடுகை நாளோடு மற்ற எண்பத்தொன்பது பேரும் ஓடையை மறந்துவிட்டார்கள். இரத்தினவேல் அண்ணை மட்டும் சனிக்கிழமை காலைகளில் தன் அப்பாட்மென்ற்றிலிருந்து நடந்து போய்க் கரையைப் பார்த்துக்கொண்டார். கோப்பிக் கப், பொலித்தீன் பை, ஒருமுறை கடையில் சாமான் தள்ளும் முழு வண்டி என்று எல்லாம் பொறுக்கி எடுத்தார். செடிகளைச் சுற்றி ஒரே அளவான கற்களாகப் பார்த்து வரிசையாக அடுக்கினார். காட்டுச் செடிகளுக்கு அப்படியெல்லாம் கரை கட்டக்கூடாதாம் என்று நான் சொன்னதும், கற்களை எடுத்து ஓரத்தில் வரிசையாக அடுக்கினார்.

அவரிடம் ஒரு பழக்கம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என் மேசைக்கு வருவார். முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்காது.

“பிள்ளை, டாங் எப்ப வரும்?”

“பாப்பம் அண்ணை,” என்பேன். தலையாட்டிவிட்டுப் போவார்.

இந்த டாங்கின் கதையை நான் அதுவரை யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் சாப்பாட்டு அறையில் வருடாந்தக் கூட்டம் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். யாருக்காவது நல்ல யோசனை இருக்கிறதா என்று கேட்டார். இப்படிக் கேட்டால் ஒருவரும் எழும்பக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இரத்தினவேல் அண்ணை எழும்பினார். தமிழில் பேசினார், மூன்று நிமிடம். கடைசியாக அலசும் தண்ணீர் அநேகமாகச் சுத்தமாகவே இருக்கிறது, அதை ஒரு தாங்கியில் பிடித்து அடுத்த தோய்ப்புக்கு எடுக்கலாம் என்று விளக்கினார். மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்த்தார்கள். வெளியே என் லொறிகள் நாலு காத்து நின்றன. மேசையில் பீற்ஸா ஆறிக்கொண்டிருந்தது. பெண்மணி மணிக்கூட்டைப் பார்த்தார். நான், நன்றி சொல்கிறார், இங்கே வேலை செய்வது அவருக்கு மிகவும் சந்தோஷமாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். இரத்தினவேல் அண்ணை நாலு பக்கமும் பார்த்து, மெல்லத் தலை குனிந்து இருந்தார்.

தன்னுடைய தாங்கிக்குத்தான் கை தட்டினார்கள் என்று பாவம் மனுஷன் நம்பிவிட்டார் என நினைத்தேன். அன்றிலிருந்துதான் ‘டாங் எப்ப வரும்’ தொடங்கியது. முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு அவர் வருவதைக் கண்டால் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

இனி எருக்கலைக்கு வருகிறேன்.

பரிசோதனைக்கு ஆறு கிழமை இருக்கும்போது, யூலை நடுவில், செடிப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை ஓடைக்குப் போனேன். கரை கோவில் வீதி மாதிரித் துப்புரவாக இருந்தது. கம்பனியின் பெயர்ப்பலகையைத் துடைத்து மினுக்கியிருந்தார்கள். பலகைக்குக் கீழே நிற்க வேண்டிய அறுபத்துநாலு செடிகளைக் காணவில்லை. ஒன்றிரண்டு இல்லை, அறுபத்துநாலும். மண் மட்டும் சமமாகத் தடவிவிட்டபடி கிடந்தது. இரத்தினவேல் அண்ணை கையுறையோடு சற்றுத் தள்ளி நின்று கடதாசி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, உந்தப் பெரிய இலைச் செடியெல்லாம் எங்கை?”

“பிடுங்கிப்போட்டன், பிள்ளை.” பிள்ளைக்குச் சோதனையில் நல்ல மார்க்ஸ் வந்ததைச் சொல்லும் முகம். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உது எருக்கலை. தண்டை உடைச்சால் பால் வடியுது. முந்திச் சின்னனா நிண்டது, நான் கவனிக்கேல்லை. இந்த முறை இடுப்பளவுக்கு வந்திட்டுது. கம்பனிப் பேர் எழுதின பலகைக்குக் கீழ எருக்கலை நிக்கலாமே? கம்பனி விழுந்தால் முதல் போறது உம்மட வேலைதான். சொன்னால் பயந்துபோவீர் எண்டு சொல்லாமல் செய்தனான்.”

யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பம் அழிந்துபோனதைச் சொல்ல ‘அவையின்ர வளவில எருக்கலை முளைச்சிட்டுது’ என்பார்கள். வாசலில் ஒரு கன்று தலைகாட்டினால் காலைச் சாப்பாட்டுக்கு முன் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் கரையில் நின்றது எருக்கலையில்லை, எருக்கலைக்குச் சொந்தக்காரச் செடி. அதே அகன்ற இலை, அதே பால். மொனார்க் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது இதில் மட்டுந்தான். அதன் புழு வேறு எதையும் தின்னாது. இந்தச் செடிக்காகத்தான் கம்பனியின் பிரசுரங்களிலெல்லாம் பெரிய செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் படம் போட்டிருந்தார்கள்.

மாரிக் குளிரில் ஏற்கெனவே நாற்பது செடி செத்துப்போயிருந்தது. இந்த அறுபத்துநாலையும் சேர்த்தால் பத்துக்கு ஏழு வராது. கணக்கை மனதுக்குள் இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன். பிறகுதான் கோபம் வந்தது. உங்களை யார் கேட்டது, கனடாவில் முப்பது வருடம் இருந்தும் மூளை இன்னும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில்தான் நிற்கிறதா என்று கத்தினேன். நாய் கூட்டிக்கொண்டு போன ஒரு வெள்ளைக்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார். அந்தச் செடி என்ன செய்யும் என்பதைச் சொன்னதும் இரத்தினவேல் அண்ணையின் முகம் விழுந்துவிட்டது.

“இனி உந்தப் பக்கம் வரவேண்டாம் அண்ணை,” என்றேன்.

அவர் கையுறைகளைக் கழற்றினார். ஒன்றை மற்றதற்குள் மடித்துச் செருகி என் கையில் தந்துவிட்டு, பாதையால் ஏறி நடந்தார். கூப்பிட வேண்டும் போல் இருந்தது. கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை கம்பனி முழுக்க இதே கதைதான். மத்தியானச் சாப்பாட்டு மேசை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. தோய்க்கும் பகுதி அண்ணையின் பக்கம்: எருக்கலையைப் பிடுங்கியது சரி, இல்லாவிட்டால் கம்பனியை எப்போதோ இழுத்து மூடியிருப்பார்கள். மடிக்கும் பகுதிக்குத் தலைவி மட்டக்களப்பு மனோரஞ்சிதம் அக்கா. எருக்கம்பூ பிள்ளையாருக்கு உகந்த பூ, அறுபத்துநாலைப் பிடுங்கின பாவம் சும்மா விடாது, வட்டியோடு வரும் என்று அவர் ஒரே பிடியாக நின்றார். அது எருக்கலையே இல்லை என்று நான் சொன்னதை இரண்டு கட்சியும் காதில் வாங்கவில்லை. என் சோற்றுப் பெட்டியைத் திறக்காமலே எழுந்து போனேன்.

என் அறையில் ஜன்னலைப் பார்த்தபடி இருந்து, அறிக்கையில் ‘முயல்களால் ஏற்பட்ட சேதம்’ என்று எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. முயல் வந்து மறுத்துச் சொல்லப்போவதில்லை. அதற்குப் பிறகு ஓடைப் பக்கம் நானும் போகவில்லை. ஆறு கிழமையும் ஒருவர் கையும் படாமல் புல் தன் எண்ணத்துக்கு வளர்ந்தது.

பரிசோதனைக்கு வந்தவர் கிளேர் என்ற பெண். முழங்காலில் பச்சைக் கறை பிடித்த காற்சட்டை, கழுத்தில் பூதக்கண்ணாடி. பிறையன் ஓடைக்கரைக்குப் பொருந்தாத மினுக்குச் சப்பாத்தோடு வந்தார். நாங்கள் மூவரும் இறங்கிப் போனபோது பலகைக்குப் பக்கத்தில் அயன் பண்ணிய வெள்ளைச் சேர்ட்டோடு இரத்தினவேல் அண்ணை நின்றார். யார் சொன்னார்களோ தெரியாது, அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். சுற்றி வளர்ந்திருந்த புல்லைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் ஒன்றையும் தொடவில்லை.

கிளேர் எண்ணிக்கொண்டே வந்தார். பலகைக்குக் கீழே வந்ததும் நின்றார். இங்கே அறுபத்துநாலு இருக்க வேண்டுமே என்றார். நான் முயலைச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இந்தச் செடியின் பால் கசப்பு, நஞ்சு, முயல் மட்டுமில்லை, மானும் இதில் வாய் வைக்காது என்று பொறுமையாகச் சொன்னார். பிறையன் என்னைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது.

அப்போது இரத்தினவேல் அண்ணை இரண்டடி முன்னுக்கு வந்தார்.

“பிள்ளை, முயல் எண்டு சொன்னதை மாத்தும். நான்தான் பிடுங்கினது எண்டு சொல்லும். எங்கட ஊரில உது வாசலில நிண்டால் கூடாது, கம்பனிக்கு ஒண்டும் வரக்கூடாது எண்டு செய்தனான். உம்மில ஒரு பிழையும் இல்லை எண்டும் சொல்லும்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “தண்ணியைக் காப்பாத்தத்தானே செடி எண்ண வந்த இந்தப் பிள்ளையும் வந்திருக்கிறா. அந்தக் கடைசித் தண்ணியையும் சொல்லும். ஒவ்வொரு லோடுக்கும் நானூறு லீற்றர், கண்ணாடி மாதிரி, சூடா, வடிகானுக்குள்ள போகுது. ஒரு டாங்கில பிடிச்சு வைச்சால் அடுத்த லோடின்ர முதல் தோய்ப்புக்குக் காணும். இந்தச் செடியள் ஒரு வருசத்தில பிடிச்சு வைக்கிற தண்ணியை நாங்கள் ஒரு ஷிஃப்ற்றில ஊத்திப்போடுறம்.”

முயல் என்ற ஆங்கிலச் சொல் அவருக்கு எப்படிப் பிடிபட்டது என்று யோசிக்க அப்போது எனக்கு நேரமிருக்கவில்லை. பிறையன் மணிக்கூட்டைப் பார்த்தார். அதே பார்வை. ‘மன்னிப்புக் கேட்கிறார்’ என்ற இரண்டு சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைச் சொன்னால் அண்ணை மன்னிக்கப்படுவார், நான் தப்புவேன், பிறையனின் மனமும் நோகாது. ஜன்னல் உள்ள அறை ஞாபகத்துக்கு வந்தது. பிறகு, மடித்துத் தந்த அந்தக் கையுறை ஞாபகத்துக்கு வந்தது.

முழுவதையும் சொன்னேன். முயல் பொய் என்றேன். எருக்கலை பற்றிச் சொன்னேன். பாழ்வீடு பற்றிச் சொல்ல ஆங்கிலத்தில் சொல் தேடி வியர்த்துவிட்டது. நானூறு லீற்றரைச் சொன்னேன், ஒரு ஷிஃப்ற்றில் ஊற்றுவதையும் அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். பிறையனின் புன்னகை முகத்திலேயே இருந்தது, ஆனால் அதை எடுத்து வைக்க இடமில்லாதவர் போல் நின்றார்.

கிளேர் கேட்ட முதல் கேள்வி, எப்போது பிடுங்கினது என்பது. யூலை முதல் கிழமை என்றார் அண்ணை. கிளேர் சட்டென்று முழந்தாளிட்டு, இரண்டு கையாலும் புல்லை விலக்கினார். உள்ளே ஒரு சாண் உயரத்தில் இளம்பச்சைக் குருத்து நின்றது. பக்கத்தில் இன்னொன்று. தள்ளி நாலைந்து. இந்தச் செடியின் வேர் ஆழத்தில் பக்கவாட்டாக ஓடுமாம். மேலே பிடுங்கினால் தண்டுதான் கையோடு வரும், வேர் கீழே கிடந்து மறுபடி முளைக்கும். கிளேர் ஓர் இலையைத் திருப்பிக் கண்ணாடியால் பார்த்துவிட்டு எங்களையும் குனியச் சொன்னார். கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடு போட்ட புழுவொன்று, சின்ன விரல் நகமளவு, இலை ஓரத்தை மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தது. கோடை முடிவில் மற்ற இடங்களில் இலை முற்றிப்போகும், தாய்ப்பூச்சி இளம் இலையைத்தான் தேடி வரும் என்றார் கிளேர். இதற்காகவே சிலர் யூலையில் ஒரு பகுதியை வெட்டிவிடுவார்களாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக இல்லை என்று அண்ணையைப் பார்த்து விரலை ஆட்டினார். மொத்தம் நாற்பத்தியொரு முளை எண்ணினார். பத்துக்கு ஏழு தாண்டிவிட்டது.

பிறையனுக்கு உயிர் வந்தது. கைபேசியை எடுத்துப் புழுவைப் படம் பிடித்தார். அடுத்த செய்திமடலில் இதைக் கம்பனியின் விசேஷப் பராமரிப்பு முறை என்று போடலாமா என்று கேட்டார். இரத்தினவேல் அண்ணை எருக்கலைக்குப் பக்கத்தில் நின்று படத்துக்குச் சிரிக்க மறுத்துவிட்டார். மூன்றடி தள்ளி நின்றார்.

கிளேர் எழும்பி முழங்காலைத் தட்டிவிட்டு, அந்தக் கடைசித் தண்ணீரின் கதையை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். ஒரு நாளுக்கு எத்தனை லோடு என்றும் கேட்டார். அண்ணை சொன்னார், நான் சொன்னேன். பிறையன் கைபேசியில் பெருக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். ஓடைக்கரை அறிக்கையோடு இதையும் ஒரு பரிந்துரையாக எழுதப்போவதாகக் கிளேர் சொன்னார். பிறையன் என்னிடம் திரும்பினார். இவ்வளவு நல்ல யோசனையை இந்த மனுஷன் ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டார்.

அவர் கூச்ச சுபாவமுள்ளவர் என்றேன்.

அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். முயலை விட்டாயிற்று, எருக்கலையை ஒப்புக்கொண்டாயிற்று, என்னுடையதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. இரத்தினவேல் அண்ணை பக்கத்தில் நின்று சேர்ட்டின் கையைத் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது என் காரில் ஏற்றி வந்தேன். யூலையில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அதற்கென்ன பிள்ளை என்றார். எக்ளின்ரன் சந்தியில் சிவப்பு விளக்கில் நின்றபோது முகத்தில் ஒரு சிரிப்புமில்லாமல் கேட்டார்:

“அப்ப, டாங் எப்ப வரும்?”

டாங் மாசி மாதத்தில் வந்தது. ஹோட்டல்காரரின் பெட்டிக்குள் எழுத இதைவிட நல்ல பதில் கிடைக்காது என்று தலைமை அலுவலகம் கண்டுபிடித்திருக்க வேண்டும். நீல நிறம், ஆளுயரத்தின் இரண்டு மடங்கு. ஓடை ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது, எனக்கு என் ஜன்னலும் மிஞ்சியது. அண்ணை சனிக்கிழமைகளில் மறுபடி போகிறார். எருக்கலையில் கை வைப்பதில்லை. ஆனால் கம்பனியின் பெயர்ப்பலகையை அதிலிருந்து இருபதடி தள்ளி நடுவதற்கு என்னிடம் அனுமதி வாங்கினார். வீதியிலிருந்து பார்க்க வடிவாகத் தெரியும் என்று பிறையனுக்குச் சொல்லிச் சமாளித்தேன்.

டாங்கைத் திறந்து வைக்கும் நாளில் தோய்க்கும் பகுதியில் எல்லோரும் கூடினோம். பச்சை ரீ-ஷேர்ட் மறுபடி வெளியே வந்தது. ஐந்து வருடத்துக்கு முன் வந்த அதே பெண்மணி வந்திருந்தார். பிறையன் பேசினார், பெண்மணி பேசினார். கடைசியாக இரத்தினவேல் அண்ணையை இரண்டு வார்த்தை சொல்லச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் போய் நின்றேன்.

அண்ணை மைக்கை வாயருகில் பிடித்து, எல்லோரையும் பார்த்து, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார்: “தாங்க் யூ. ஐ ஆம் வெரி ஹப்பி ரு வேர்க் ஹியர்.”

எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணை என் பக்கம் திரும்பி, மைக்கை நீட்டினார்.

“அண்டைக்கு நீர் சொன்னதை அப்பிடியே சொல்லிப்போட்டன், பிள்ளை. அண்டைக்கு நான் சொன்னதை இனி நீர் சொல்லும்.”

அப்போதும் அவர் முகத்தில் சிரிப்பில்லை. கண்ணில் மட்டும் கொஞ்சம் இருந்தது. ஐந்து வருடமாக, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, என் மேசைக்கு வந்து அவர் கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் வந்தது. நான் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஒளித்ததும் ஞாபகம் வந்தது. பாவம் மனுஷன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் என்னைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார்?

மைக்கை வாங்கினேன். இந்த யோசனை புதிதில்லை என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். ஐந்து வருடத்துக்கு முன் சாப்பாட்டு அறையில் இவர் எழும்பி இதைச் சொன்னார், மொழிபெயர்க்க வேண்டியவள் நான், லொறி காத்து நிற்கிறதென்று ஒரு வரியில் முடித்தேன், இவருக்குக் கூச்ச சுபாவம் என்று நான் பிறகு சொன்னதும் பொய் என்றேன். மடிக்கும் பகுதிப் பக்கம் மனோரஞ்சிதம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். பெண்மணி மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. பிறகு அன்று அவர் சொன்ன மூன்று நிமிடத்தையும், நினைவில் இருந்தபடி, ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

நான் முடிக்கும்வரை இரத்தினவேல் அண்ணை பக்கத்திலேயே நின்றார். முடிந்ததும் என் ரீ-ஷேர்ட்டின் கையில் ஒட்டியிருந்த துவாய் நூலொன்றை எடுத்துத் தன் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு, மெஷினைப் பார்க்கப் போனார்.